அடித்தது எது

2015 மே மாதக் கடைசி வாரம். ஏர்பேடு மண்டலத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு பெண்ணின் உடலை எங்கள் திருப்பதிப் பிணவறைக்குக் கொண்டுவந்தார்கள். வயது 48 என்று போலீஸ் கடிதத்தில் இருந்தது. உபாதி வேலைக்கு, அதாவது நூறுநாள் வேலைக்கு, போய் ஏரியில் மண் வெட்டிக்கொண்டிருந்தவர், பதினொரு மணி வாக்கில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாராம். வாந்தி எடுத்தார், சரிந்தார். ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தூக்கிப் போனபோது உயிர் இருந்தது, நினைவு இல்லை. அங்கே எழுதிய சீட்டில் காய்ச்சல் 106 டிகிரி. திருப்பதிக்கு வரும் வழியில் ஆம்புலன்ஸிலேயே முடிந்துவிட்டது.

எஸ்.ஐ. தன் விசாரணை அறிக்கையில் எழுதியிருந்த காரணம் ஒரே சொல்தான்: வடதெப்ப. வெயில் தாக்கிச் சாவதற்குத் தெலுங்கில் அதுதான் பெயர். 'தெப்ப' என்றால் அடி. அந்தக் கோடையில் ஆந்திரத்தில் மட்டும் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் வெயிலால் இறந்ததாக அரசே கணக்குச் சொன்னது. இறந்தவர் குடும்பத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் அறிவித்திருந்தார்கள். தாசில்தார், எஸ்.ஐ., அரசு மருத்துவர் என்று மூன்று பேர் கொண்ட குழு, சாவுக்கு வெயில்தான் காரணம் என்று உறுதி செய்ய வேண்டும். பிணவறை வாசலில் வேப்பமரத்தடியில் நின்ற மகன் கைகூப்பியபடி சொன்னார்: "வடதெப்ப அனி ராயண்டி சார்." அப்படி எழுதுங்கள் என்கிறார். நான் தமிழ்நாட்டு எல்லையோர நகரிக்காரன் என்று தெரிந்ததும் தமிழிலும் சொன்னார்: "அம்மா வெயில்லதான் சார் விழுந்தாங்க. ஊரே பாத்துச்சு."

ஊர் பார்த்தது உண்மை. நான் பார்க்க வேண்டியது வேறு.

சட்ட மருத்துவத் துறையில் 1986-ல் சேர்ந்து முப்பது ஆண்டுக்கு மேல் வேலை பார்த்தேன். கத்திக்குத்து, தூக்கு, விஷம், ரயில், லாரி என்று எல்லாம் வந்தன. ஆனால் என்னை அதிகம் திணறவைத்தவை இந்த 'அடி'கள்தான். எங்கள் பக்கத்தில் ஒருவர் திடீரென விழுந்து செத்தால் அது எப்போதும் ஓர் அடிதான். வெயில் அடித்தது. வாதம் அடித்தது. ராத்திரியில் விழுந்து, வாய் கோணி, மூக்கில் ரத்தம் வந்திருந்தால் முனி அடித்தது. நேற்று யாரோடாவது சண்டை போட்டிருந்தால் அவன் அடித்துத்தான் செத்தார். கிரேக்கர்களும் இதே மாதிரிதான் யோசித்திருக்கிறார்கள். அவர்கள் வைத்த 'அப்போப்ளெக்ஸி' என்ற பெயருக்கும் அடித்து வீழ்த்தப்படுதல் என்றே பொருள். அடித்தது யார் என்ற கேள்விக்கு முதலில் மண்டையைத் திறந்து விடை தேடியவர்களில் ஒருவர் சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த யோஹான் யாகோப் வெப்ஃபர். 1658-ல் வெளிவந்த தன் நூலில், இப்படி விழுந்து இறந்தவர்களின் மூளைக்குள் ரத்தம் கொட்டியிருந்ததைப் பதிவு செய்தார். ஆறு ஆண்டுக்குப் பிறகு தாமஸ் வில்லிஸ் மூளை அடிவாரத்து ரத்தக்குழாய் வளையத்தை விளக்கிக் காட்டினார். எங்கள் தொழிலில் இன்றைக்கும் அந்த வளையத்தில் கை வைக்காமல் வேலை முடிவதில்லை.

நான் சேர்ந்த காலத்தில் மண்டையைத் திறக்க ரம்பமும் உளியும் சுத்தியலும்தான். எங்கள் பிணவறைத் தாத்தா ஒருவர், எழுதப் படிக்கத் தெரியாதவர், எனக்கு முதல் பாடம் சொன்னார்: "சுத்திய கடைசியில எடு சார். அவசரப்பட்டுத் தட்டினா நாமே எலும்பை உடைச்சிருவோம். அப்புறம் யாரோ அடிச்சு ஒடைஞ்சதுன்னு நீயே எழுதுவ." அவர் சொன்னது எந்தப் பாடநூலைவிடவும் எனக்கு உதவியது. உயிரோடு இருக்கும்போது விரிசல் விட்ட எலும்பின் ஓரத்தில் ரத்தம் ஊறியிருக்கும். நம் சுத்தியலால் விட்ட விரிசலில் ஊறியிருக்காது. ஒரு மனிதனைச் சிறைக்கு அனுப்புவதும் வீட்டுக்கு அனுப்புவதும் சிலசமயம் அந்தச் சிவப்பு ஓரத்தில்தான் இருக்கிறது.

அந்த நாளில் சில இடங்களில் மண்டையைத் திறக்காமலே படிவத்தில் 'தலை: இயல்பு' என்று எழுதிவிடுவார்கள். மறுபரிசோதனைக்குத் தோண்டி எடுத்து வந்த உடல்களில் தலை அப்படியே மூடியிருந்ததை நானே கண்டிருக்கிறேன். மாலைக்குள் பத்து உடல் முடிக்க வேண்டும், சூரியன் சாய்ந்தால் அறுக்கக் கூடாது, வெளியே உறவுக்காரர்கள் வண்டியை நிறுத்திக்கொண்டு காத்திருக்கிறார்கள் என்றால் கை தானாகவே குறுக்குவழி தேடும். இரவில் பரிசோதிக்க ஒன்றிய அரசு அனுமதித்தது 2021 நவம்பரில்தான். அதுவும் கொலை, தற்கொலை போன்றவற்றுக்குப் பொதுவாகப் பொருந்தாது.

இனி 1991-ல் நடந்தது. அதைச் சொல்லாமல் 2015-க்குத் திரும்ப முடியாது.

ஐம்பது வயது விவசாயி. வேர்க்கடலைச் செடிக்கு மருந்து அடித்துவிட்டு வந்தவர், கஞ்சி குடித்த அரைமணி நேரத்தில் திண்ணையில் சாய்ந்தார். வாயில் நுரை. மருத்துவமனையில் கண்ணைத் திறந்து பார்த்தால் இரண்டு பாவைகளும் ஊசிமுனை அளவுக்குச் சுருங்கியிருந்தன. பூச்சிமருந்து விஷத்தின் அடையாளம் அது. எங்கள் மாவட்டத்தில் வாரம் தவறாமல் அந்த விஷம் வரும். எந்த டாக்டருக்கும் வேறு எண்ணம் தோன்றாது. அட்ரோபின் ஊசி போட்டார்கள். விடியற்காலையில் இறந்தார். முந்தின நாள் மாலை புருஷன் பெண்டாட்டிக்குள் சண்டை நடந்திருக்கிறது. அவருடைய அண்ணன் தம்பிகள் புகாரில் எழுதியது: கஞ்சியில் மருந்து கலந்துவிட்டாள்.

நான் திறந்தபோது வயிற்றில் கஞ்சி இருந்தது, மருந்து வாடை இல்லை. இதயம் 480 கிராம். அந்த உடம்புக்கு 300 கிராமைச் சற்றுத் தாண்டினாலே அதிகம். இடது கீழறைச் சுவர் தடித்துப்போய் விரலில் கட்டைபோல் பட்டது. சிறுநீரகத்தின் மேற்பரப்பு மணல்மணலாக இருந்தது. பல வருஷமாக யாரும் அளந்து பார்க்காத ரத்தக்கொதிப்பு இது. மூளைத்தண்டை அறுத்ததும் நடுவில் 'பான்ஸ்' என்ற பகுதியே கறுப்பு ரத்தக்கட்டியாக இருந்தது. அங்கே ரத்தம் கசிந்தால் கண்பாவை ஊசிமுனையாகும், மூச்சு சீறும், காய்ச்சல் கொதிக்கும். பூச்சிமருந்தைப் போலவே நடித்துக் காட்டும்.

எனக்கு விடை கையிலேயே இருந்தது. ஆனாலும் நான் எழுதியது என்ன தெரியுமா? 'உள்ளுறுப்பு இரசாயனப் பரிசோதனை முடிவு வரும்வரை கருத்து ஒத்திவைக்கப்படுகிறது.' விதிப்படி சரி. உறுப்புகளை ஜாடியில் போட்டு அனுப்பினேன். முடிவு வர ஐந்து மாதம் ஆனது: விஷம் எதுவும் இல்லை. அந்த ஐந்து மாதத்துக்குள் அந்த அம்மாவை வீட்டை விட்டுத் துரத்தி, நிலத்தை அண்ணன் தம்பிகள் எடுத்துக்கொண்டு, பிள்ளைகளை அவரிடமிருந்து பிரித்துவிட்டார்கள். இறுதி அறிக்கை வாங்க அவரே வந்தார். "இத அன்னிக்கே எழுதியிருக்கலாமில்ல சாமி?" என்று மட்டும் கேட்டார். எழுதியிருக்கலாம். 'மரணத்தை உண்டாக்கப் போதுமான மூளை ரத்தக்கசிவு காணப்பட்டது. விஷம் உண்டா என்பது ஆய்வக முடிவுக்கு உட்பட்டது' என்று ஒரு வரி சேர்த்திருந்தால் போலீஸ் அவரைப் பார்த்த பார்வையே மாறியிருக்கும். அதற்குப் பிறகு, கண்ணால் கண்டதை அன்றைக்கே எழுதாமல் எந்தக் கருத்தையும் நான் ஒத்திவைத்ததில்லை.

இன்னொரு வழக்கு, ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் முறைக்காக. பெரியப்பா மகன், சித்தப்பா மகன். வாய்ச்சண்டை முற்றி மூத்தவர் ஓர் அறை விட்டிருக்கிறார். இளையவருக்கு முப்பத்தாறு வயது. நாலு அடி நடந்து, "தலை வெடிக்குதே" என்று கத்தி விழுந்தார், எழவில்லை. கன்னத்தில் லேசான வீக்கத்தைத் தவிர வெளியில் ஒரு காயமும் இல்லை. உள்ளே மூளையின் அடிவாரம் முழுக்க ரத்தம். கொலை வழக்கு என்று ஊரே முடிவுகட்டிவிட்டது.

இந்த மாதிரி ரத்தத்தைக் கண்டால் மூளையை அப்படியே ஃபார்மலினில் போட்டுவிடக் கூடாது. ரத்தம் இறுகிக் கல்லாகிவிடும். உள்ளே ஒளிந்திருப்பது பிறகு கிடைக்காது. குழாய்த் தண்ணீரை மெல்லத் திறந்துவிட்டு, கட்டியை விரலாலும் இடுக்கியாலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கழுவ வேண்டும். ஒரு மணிநேரத்துக்கு மேல் ஆனது. எஸ்.ஐ. இரண்டு தடவை எட்டிப் பார்த்தார். கடைசியில் முன்பக்கம் இரண்டு குழாய்களை இணைக்கும் இடத்தில், மிளகு அளவுக்கு ஒரு சின்னப் பை, நுனியில் கிழிந்து கிடைத்தது. குழாய்ச் சுவரின் பலவீனத்தால் எத்தனையோ காலமாக உப்பி நின்ற பை. அதோடு நிறுத்தவில்லை. காதுக்குக் கீழே கழுத்தில் விழும் அடி, முதுகெலும்பு வழியே மேலே ஏறும் குழாயைக் கிழித்து இதேபோல் மூளை அடிவாரத்தை ரத்தத்தால் நிரப்பக் கூடும். கழுத்தின் இரண்டு பக்கமும் அந்தக் குழாய்களைத் திறந்து பார்த்தேன். கிழிசல் இல்லை.

நீதிமன்றத்தில் அரசு வக்கீல் கேட்டார்: அறையாவிட்டால் அன்றைக்குச் செத்திருப்பாரா? எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டார்: அறையே இல்லாமல் இந்தப் பை வெடிக்குமா? இரண்டுக்கும் உண்மையைச் சொன்னேன். இந்தப் பை தூக்கத்தில் வெடிக்கும், முக்கும்போது வெடிக்கும், கோபத்தில் ரத்த அழுத்தம் ஏறினாலும் வெடிக்கும். அன்றைக்கு எது வெடிக்கவைத்தது என்று உடம்பைப் பார்த்துச் சொல்ல வழி இல்லை. "டாக்டருக்கே தெரியாதா?" என்று வக்கீல் குரலை உயர்த்தினார். தெரிந்த எல்லையைச் சொல்லிவிட்டேன் என்றேன். கொலைக் குற்றம் நிற்கவில்லை, அறைந்ததற்கு மட்டும் தண்டனை என்று பிறகு கேள்விப்பட்டேன்.

வண்டி விபத்துகளிலும் இதே சிக்கல்தான், அதில் பணம் வேறு கலந்திருக்கும். டி.வி.எஸ். வண்டியில் போனவர் ரோட்டோரம் விழுந்து கிடக்கிறார், மூளையில் ரத்தம். விழுந்ததால் ரத்தமா, ரத்தத்தால் விழுந்தாரா? விழுந்து அடிபட்ட மூளையில் கன்றல் மேற்பரப்பில் இருக்கும், அதுவும் பெரும்பாலும் அடிபட்ட இடத்துக்கு நேர் எதிர்ப்பக்கத்தில். கொதிப்பால் கசிந்த ரத்தம் ஆழத்தில், உள்முடிச்சுகளுக்குள் இருக்கும். கைகளை ஊன்றித் தடுக்காமல் முகம் குப்புற விழுந்திருந்தால் அதுவும் ஒரு சாட்சி. நினைவு தப்பியவன் கையை நீட்டமாட்டான். விபத்துக் காப்பீட்டுப் பணம் இந்த ஒரு வரியில் தொங்கும்.

ஏர்பேடு என்றாலே பலருக்கும் 2017 ஏப்ரல் 21-தான் நினைவுக்கு வரும். மணல் கொள்ளையை எதிர்த்துப் போலீஸ் நிலையத்து முன் திரண்ட கிராமத்து மக்கள்மேல் லாரி ஏறியது, மின்கம்பமும் சாய்ந்தது. பதினைந்து பேருக்குக் குறையாமல் போனார்கள், நசுங்கியும் மின்சாரம் பாய்ந்தும். அந்த மாதிரிச் சாவில் நாடே கூடி நிற்கும், யாருக்கும் காரணத்தில் சந்தேகம் இருக்காது. வரப்போரத்தில் தனியாக விழுந்து கிடப்பவருக்குத்தான் யாரும் கேள்வி கேட்பதில்லை.

திருமலைக்கு நடந்து போகிறவர்களையும் சொல்ல வேண்டும். அலிபிரி வழியில் 3,550 படி. வேலூர், ஆரணி, சென்னையிலிருந்து வந்து படியில் சரிந்தவர்களின் குடும்பங்கள் என் தமிழைக் கேட்டதும் அழுதுவிடுவார்கள். "அறுக்காம குடுத்துடுங்க சார், பெருமாள் கால்ல போயிட்டாரு, புண்ணியம்" என்பார்கள். பழைய சீட்டு, மாத்திரை, சி.டி. படம் இருந்தால், போலீஸுக்கும் சந்தேகம் இல்லை என்றால், அறுக்காமல் தர வழி உண்டு. பல வீடுகளில் ஒரு சீட்டும் இருக்காது. 'அவருக்கு ஒரு நோயும் இல்லை' என்பார்கள். ஒருநாளும் அளந்து பார்த்ததில்லை என்பதுதான் அதற்குப் பொருள்.

இந்தச் சாவுகளை முறையாகத் தொகுத்துப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை வந்தது 1991-க்குப் பிறகுதான். பேசும்போது ஆராய்ச்சி என்று பெரிதாகத் தோன்றும். எங்களிடம் இருந்தது நீலநிறப் பிளாஸ்டிக் பக்கெட்டுகள். மூளையின் அடிவாரக் குழாய்க்குக் கீழே நூலைக் கோத்து, தலைகீழாக, பக்கெட்டின் அடியில் முட்டாமல் ஃபார்மலினில் தொங்கவிட வேண்டும். இரண்டு மூன்று வாரத்தில் அது வெண்ணெய்ப் பதத்திலிருந்து பனீர்க்கட்டிப் பதத்துக்கு வரும். அப்புறம்தான் ஒரு சென்டிமீட்டர் துண்டாக அறுக்க முடியும். கோடையில் அந்த நெடி கண்ணைக் கரிக்கும். மேற்படிப்பு மாணவர்களுக்கு நான் வைத்த ஒரே விதி, மூளையை எழுதும் பக்கத்திலேயே இதயத்தின் எடையையும் சுவரின் தடிப்பையும் எழுத வேண்டும் என்பது. அழுத்தமானி பார்க்காத உடம்பில் இதயம்தான் பல வருஷக் கொதிப்பைக் கணக்கு வைத்திருக்கிறது.

எங்கள் பதிவேட்டில் ரத்தக்கசிவுதான் அதிகம், அடைப்பு குறைவு. ஒரு மாணவர் அதை வைத்து, எங்கள் பகுதியில் பக்கவாதம் என்றாலே ரத்தக்கசிவுதான் என்று முடிவெழுதிக் கொண்டுவந்தார். திருப்பிக் கொடுத்தேன். அடைப்பு வந்தவர் பெரும்பாலும் உடனே சாவதில்லை. வார்டில் கிடந்து, வீட்டுக்குப் போய், படுக்கைப் புண்ணிலும் நிமோனியாவிலும் மெல்லப் போகிறார். அவர் எங்கள் மேசைக்கு வரமாட்டார். வந்தாலும், அடைப்பு ஏற்பட்டு சில மணிநேரத்துக்குள் இறந்திருந்தால் மூளை வெறும் கண்ணுக்கு நல்லதாகவே தெரியும். திடீர்ச் சாவு மட்டும் வந்து சேரும் இடத்தில் உட்கார்ந்துகொண்டு ஊர் முழுக்க நடக்கும் சாவைக் கணக்கிடக் கூடாது.

அதே சமயம் வெளியே இருந்து கணக்கெடுப்பவர்களுக்கும் ஒரு குறை உண்டு. கோதாவரிப் பகுதியில் 45 கிராமங்களில் வீடுவீடாகப் போய், இறந்தவர் எப்படி இறந்தார் என்று குடும்பத்தாரைக் கேட்டு எடுத்த ஆய்வு 2006-ல் வந்தது. சாவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இதய, ரத்தக்குழாய் நோய்களால் என்று அது சொன்னது. கிராமத்தான் காலராவிலும் காய்ச்சலிலும்தான் சாகிறான் என்று நினைத்தவர்களை உலுக்கிய வேலை, நான் மதிப்பது. ஆனால் ஒருபக்கம் கை கால் விழுந்ததா, வாய் கோணியதா என்று கேட்டுக் கண்டுபிடிப்பதற்கு அவர் கொஞ்ச நேரமாவது உயிரோடு இருந்திருக்க வேண்டும். பத்து நிமிஷத்தில் போனவரைப் பற்றிக் கேட்டால், மாரடைப்பும் மூளைக்கசிவும் ஒரே கதையாகத்தான் வரும். கேட்பவரும் அறுப்பவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து பேசியதை என் பணிக்காலத்தில் நான் பார்க்கவில்லை. என் பெரிய வருத்தம் அது.

இறப்புச் சான்றிதழ் இன்னும் மோசம். 'இதய, சுவாச நிறுத்தம்' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார்கள். செத்த எல்லாருக்கும் இதயமும் மூச்சும் நின்றுதானே போகும்? ஏன் நின்றது என்பதுதான் கேள்வி. படிவத்தில் இரண்டு பாகம் உண்டு. முதல் பாகம் நேர்க்காரணச் சங்கிலி. இரண்டாம் பாகம், சங்கிலியில் சேராமல் சாவுக்குத் துணைநின்றவை. அந்த இரண்டாம் பாகத்தை யாரும் நிரப்புவதே இல்லை.

2015-ல் நானும் நிரப்பவில்லை.

அந்த அம்மாவின் தலையைத் திறந்தேன். வெயிலால் இறந்தவரின் உடலில் இதுதான் என்று காட்ட ஓர் அடையாளம் கிடையாது. சூழ்நிலையும், உயிர் போகுமுன் எடுத்த வெப்பநிலையும், வேறு காரணம் இல்லை என்ற உறுதியும் சேர்ந்துதான் முடிவு. இங்கே வேறு காரணம் கண்முன் இருந்தது. மூளைத்தண்டில் அதே பான்ஸில், 1991-ல் கண்டதுபோலவே, கறுத்த ரத்தக்கட்டி. இதயம் 430 கிராம். ஆகவே அந்த 106 டிகிரி வெயிலால் வந்திருக்கலாம், கசிவாலும் வந்திருக்கலாம். கண்டதை அன்றைக்கே எழுத வேண்டும் என்ற என் பழைய பாடம் என்னைத் தள்ளியது. 'மூளைத்தண்டு ரத்தக்கசிவு, இயற்கை மரணம்' என்று எழுதினேன். குழு அந்தக் காகிதத்தைப் பார்த்தது. ஒரு லட்சம் வரவில்லை.

அந்த வரியில் பொய் இல்லை. ஆனால் நாற்பது டிகிரிக்கு மேல் வெயிலில், சரியாகத் தண்ணீர்கூடக் கிடைக்காமல், கொதிப்பு உள்ள ஓர் உடம்பு மண் வெட்டியிருக்கிறது. அந்த உழைப்பும் வெயிலும் அன்றைய கசிவுக்குத் துணைநின்றிருக்கலாம், விலக்கிவிட முடியாது என்று ஒரு வரி சேர்க்க எனக்கு உரிமை இருந்தது. அதுவும் உண்மைதான். தண்ணீர்ச் சண்டை வழக்கில், வக்கீல் கேட்டபோது, அதே அளவு சந்தேகத்தைத் தயங்காமல் சொன்னவன் நான். இங்கே யாரும் குறுக்குக் கேள்வி கேட்கவில்லை, அதனால் நானும் சொல்லவில்லை. பணத்துக்காக எழுதச் சொல்கிறார்கள் என்ற எண்ணம் என் கையைத் தேவைக்கு மேல் இறுக்கிவிட்டது. அடுத்த கோடையிலிருந்து அந்த வரியை, பொருந்தும் இடத்தில், எழுத ஆரம்பித்தேன்.

ஜூன் மாதம் அந்த மகன் அறிக்கையின் நகலுக்கு வந்தார். கோபம் இல்லை. காகிதத்தில் என்ன இருக்கிறது என்று விளங்கச் சொல்லும்படி கேட்டார். மூளையில் ரத்தக்குழாய் வெடித்தது, அம்மாவுக்குப் பல வருஷமாகக் கொதிப்பு இருந்திருக்கிறது என்றேன். "எங்க நைனாகூட இப்பிடித்தான் சார் போனாரு. முனி அடிச்சதுன்னாங்க" என்றார்.

பக்கத்துத் துறையிலிருந்து அழுத்தமானியை வாங்கிவரச் சொன்னேன். பிணவறைக்குப் பக்கத்து அறையில் அவரை உட்காரவைத்து இரண்டு தடவை அளந்தேன். 158-க்கு 102. வயது இருபத்தெட்டு.

"தலைவலி வருமா தம்பி?"

"வெயில்ல போனா வரும் சார்" என்றார்.